வார்டுக்கு வந்து சேராத சேதி

2003 மார்ச் 7, வெள்ளிக்கிழமை. கனடாவின் மேற்குக் கரையில் உள்ள வான்கூவர் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு மாலையில் ஒருவர் வந்தார். ஐம்பதைக் கடந்தவர். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல். சமீபத்தில் ஹாங்காங் போய்த் திரும்பியவர். அதைக் கேட்டதும் வாசலில் இருந்தவர்கள் மறுபேச்சில்லாமல் அவரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போனவர்கள் எல்லோரும் முகக்கவசம், கையுறை, அங்கி அணிந்தே போனார்கள். அவர் வந்து சில நிமிடங்களுக்குள் இவ்வளவும் நடந்துவிட்டது. இத்தனைக்கும் என்ன நோய் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அந்த நோய்க்கு அப்போது பெயரே வைக்கவில்லை.

அதே நாள். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், டொரண்டோ நகரின் கிழக்கே ஸ்கார்பரோ. ஈழத்து உறவுகள் 'ஸ்காபரோ' என்று எழுதுகிற, தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த அதே ஊர்தான். அங்குள்ள கிரேஸ் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் காய்ச்சலோடும் மூச்சுத் திணறலோடும் ஒருவர் வந்தார். வயது நாற்பதுக்குமேல். 16 மணி நேரத்துக்கும் அதிகமாக அந்த அவசரப் பிரிவிலேயே கிடந்தார். பக்கத்திலேயே வேறு நோயாளிகள். மூச்சு வாங்குகிறதே என்று நெபுலைசர் வைத்தார்கள். ஆஸ்துமாக்காரர் இருக்கும் எந்த வீட்டுக்கும் தெரிந்த கருவி, மருந்தைப் புகைபோல ஆக்கி நெஞ்சுக்குள் அனுப்பும். அன்றைக்கு அது அவருடைய மூச்சில் இருந்த கிருமியையும் சேர்த்து அறை முழுக்கப் பரப்பியிருக்க வேண்டும்.

வான்கூவரில் அந்த நோயாளியிடமிருந்து வேறு யாருக்கும் தொற்றவில்லை. ஸ்கார்பரோ நோயாளி மார்ச் 13 அன்று இறந்துபோனார். அவசரப் பிரிவில் அவருக்கு அருகில் இருந்த இருவருக்குத் தொற்றியது. அவர்களிடமிருந்து குடும்பத்தாருக்கு, நர்சுகளுக்கு, டாக்டர்களுக்கு, ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கு. அந்த ஒரு மருத்துவமனையிலிருந்து கிளம்பிய சங்கிலியில் மட்டும் 128 பேர் என்று பிறகு கணக்கெடுத்தார்கள்.

நோய்க்கு சார்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அது ஒண்டாரியோ மாகாணத்தில் 44 பேரைக் கொன்றது. நோய் கண்டவர்கள் ஏறத்தாழ 375 பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மருத்துவப் பணியாளர்கள். இறந்தவர்களில் இரண்டு நர்சுகளும் ஒரு டாக்டரும் உண்டு. வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நோயாளிகள். ஒரே நாடு, ஒரே நாள், ஒரே கிருமி. அப்படியிருந்தும் கணக்கு ஏன் இப்படி மாறியது?

ஒண்டாரியோ அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் இந்தக் கேள்வியை விடாமல் துரத்தினார். 2007 ஜனவரியில் வெளிவந்த அவருடைய இறுதி அறிக்கைக்கு 'அச்சத்தின் வசந்தகாலம்' என்று பெயர். அரசாங்க அறிக்கைக்கு இப்படியொரு தலைப்பு வைக்கும் நீதிபதியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அவர் கண்ட விடை ரொம்பச் சாதாரணமானது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் நோய்த்தடுப்பு மையம் பிப்ரவரியிலேயே தன் மருத்துவமனைகளுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியிருந்தது: சீனா, ஹாங்காங் பக்கம் ஏதோ ஒரு சுவாச நோய் நடமாடுகிறது, அங்கிருந்து காய்ச்சலோடு யாராவது வந்தால் கவனம். அந்தச் சேதி வான்கூவர் அவசரப் பிரிவின் வாசல்வரை வந்து, அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் காதிலும் விழுந்திருந்தது. ஒண்டாரியோவில் அப்படி எதுவும் ஸ்கார்பரோ வாசலுக்கு வந்து சேரவில்லை.

கேம்ப்பெல் நியாயமான மனிதர். அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு கொடுக்கிறார். வான்கூவர்க்காரர் தானே ஹாங்காங் போய்வந்தவர், கேட்டால் சொல்லிவிடுவார். ஸ்கார்பரோக்காரர் எங்கும் போனதில்லை. போய்வந்தவர் அவருடைய தாய். அந்த அம்மா இரண்டு நாள் முன்னால் வீட்டிலேயே இறந்துபோயிருந்தார். மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள். "நீங்கள் வெளிநாடு போனீர்களா?" என்று கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும். "வீட்டில் யாராவது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டுமானால், கேட்பவருக்கு முன்கூட்டியே ஏதோ தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் தெரியாத ஒரு நர்ஸிடம் அந்தக் கேள்வியை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மூன்று நாள் பிரிக்காத கடிதம்

இந்தக் கதையின் முதல் முடிச்சு கனடாவில் விழவில்லை. தெற்குச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 2002 நவம்பரிலேயே இந்த நோய் தலைகாட்டிவிட்டது. வழக்கமான நிமோனியா போல இல்லையே என்று நிபுணர் குழு போய்ப் பார்த்தது. 2003 ஜனவரி இறுதியில் மாகாணச் சுகாதாரத் துறைக்கு அறிக்கை வந்தது. அதன்மேல் 'மிக ரகசியம்' என்று முத்திரை. அந்த முத்திரை குத்திய உறையைப் பிரிக்கும் அதிகாரம் மேல்மட்டத்தில் சிலருக்கு மட்டுமே. அவர்கள் ஊரில் இல்லை. மூன்று நாள் அந்த உறை மேசையில் கிடந்தது என்று இதை ஆராய்ந்தவர்கள் பின்னால் எழுதினார்கள். பிரித்துப் படித்து, மருத்துவமனைகளுக்குச் சுற்றறிக்கை போனபோது சீனப் புத்தாண்டு விடுமுறை. படிக்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள்.

பிப்ரவரி 11 அன்று குவாங்டாங் அதிகாரிகள் வாய் திறந்தார்கள். 305 பேருக்கு நோய், 5 பேர் மரணம். அந்த 305 பேரில் மூன்றில் ஒரு பங்கு மருத்துவப் பணியாளர்கள். யாருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ அவர்களுக்கே முதலில் தொற்றியிருந்தது.

அப்படித் தொற்றியவர்களில் ஒருவர் குவாங்சோ நகரின் பேராசிரியர் லியூ ஜியான்லுன், 64 வயது டாக்டர். உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக பிப்ரவரி 21 அன்று ஹாங்காங் போனார். மெட்ரோபோல் ஓட்டலின் ஒன்பதாவது மாடியில் 911-ஆம் எண் அறையில் தங்கினார். வான்கூவர்க்காரரும் ஸ்கார்பரோ அம்மாவும் தங்கியிருந்தது அதே ஓட்டலில்தான். ஹனோய்க்கும் சிங்கப்பூருக்கும் நோய் போனதும் அங்கிருந்தே.

லியூவைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த அறை எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். மறுநாள் அவர் செய்ததைக் குறைவாகவே சொல்கிறார்கள். உடம்பு முடியாமல் போனதும் பக்கத்திலிருந்த குவாங் வா மருத்துவமனைக்கு நடந்தே போனார். அங்கிருந்தவர்களிடம், தனக்கு வந்திருப்பது மிகக் கொடிய தொற்று என்று அஞ்சுவதாகச் சொல்லி, தன்னைத் தனியே வைக்கும்படி எச்சரித்தார். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். மார்ச் 4 அன்று அவர் இறந்தார். ஒரு மாகாண அரசு முத்திரை குத்தி வைத்திருந்த சேதியை, சாகக் கிடந்த ஒரு டாக்டர் தன் வாயால் அடுத்த டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

நம் அரசு மருத்துவமனை நர்சுகளிடம் இதற்கு ஒரு சொல் உண்டு: 'ஓவர்'. காலை டூட்டி முடிந்து போகிறவர் அடுத்து வருகிறவரிடம், படுக்கை படுக்கையாக நின்று, யாருக்கு என்ன மருந்து, யாருக்கு டிரிப்ஸ் முடியப்போகிறது, யார் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று சொல்லி ஒப்படைப்பதை 'ஓவர் கொடுக்கிறது' என்பார்கள். கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதைத் தாண்டி, "அந்த மூணாம் பெட் அம்மா கொஞ்சம் சரியில்லக்கா, பாத்துக்கோங்க" என்று ஒரு வாக்கியம் இருக்கும் பாருங்கள், அதற்காகத்தான் ஓவர். அந்த வாக்கியத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

சுற்றறிக்கை என்பது வேறு சாதி. அது மேலிருந்து கீழே மட்டும் போகும். செயலகம், இயக்குநரகம், டீன், ஆர்.எம்.ஓ., நர்சிங் சூப்பரின்டென்டென்ட், வார்டு சிஸ்டர் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கும். கடைசிப் படிக்குக் கீழே வார்டைப் பெருக்கித் துடைக்கிறவரும், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரும், ஒப்பந்தத்தில் வந்து போகிறவரும் நிற்கிறார்கள். அதுவரை எத்தனை சுற்றறிக்கை இறங்குகிறது என்பது ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதனதன் மனசாட்சிக்கும் தெரியும்.

பேக்ஸில் வந்த ராத்திரி உத்தரவுகள்

டொரண்டோவுக்கு வருவோம். மார்ச் 26 அன்று ஒண்டாரியோ மாகாணத்தில் அவசர நிலை அறிவித்தார்கள். வட்டாரத்து மருத்துவமனைகளில் அவசரமில்லாத வேலைகள் எல்லாம் நின்றன. மாகாணச் சுகாதார அமைச்சகத்திலிருந்து வழிமுறை உத்தரவுகள் வர ஆரம்பித்தன. முகக்கவசம் எங்கே, அங்கி எப்போது, யாரை உள்ளே விடலாம், யாரை வேறு மருத்துவமனைக்கு மாற்றலாம் என்று நாளுக்கொன்று. நேரங்கெட்ட நேரத்தில் வந்தன. நேற்று வந்ததை இன்று வந்தது மாற்றியது. எழுதியவர்களுக்கும் வார்டில் நடக்கும் வேலைக்கும் பல சமயம் சம்பந்தமில்லை. இரவோடு இரவாக பேக்ஸில் வந்த பல பக்கத்தை யாராவது படித்து, புரிந்து, காலை டூட்டிக்கு வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும். நகரப் பொதுச் சுகாதார அலுவலகத்தில் நோயாளிகளின் தொடர்புப் பட்டியலைச் சுவரில் ஒட்டும் வண்ணத் துண்டுச் சீட்டுகளை வைத்துக் கண்காணித்தார்கள். உலகின் பணக்கார நகரங்களில் ஒன்று அது, காலம் 2003.

இன்னொரு சிக்கலும் இருந்தது. டொரண்டோவில் பகுதிநேர நர்சுகள் அதிகம். ஒரே ஆள் இரண்டு, மூன்று மருத்துவமனைகளில் மாறி மாறி வேலை பார்ப்பார். ஓர் இடத்தின் உத்தரவு இன்னோர் இடத்தில் வேறு மாதிரி இருக்கும். இவர் எந்த இடத்தின் ஆள் என்று எவரும் சொந்தம் கொண்டாடாததால், கூட்டம் போட்டு விளக்கும்போது இவர் பெயர் விட்டுப்போகும். சிக்கனம் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு கிருமிக்கு வழித்தடமாயிற்று.

என்95 முகக்கவசம் முகத்தில் காற்றுப் புகாமல் பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒண்டாரியோ விதிகளில் 1993 முதலே இருந்தது. பல மருத்துவமனைகளுக்கு அப்படியொரு விதி இருப்பதே தெரியாது. தொழிலாளர் பாதுகாப்பு ஒரு துறை, நோய்த்தடுப்பு வேறொரு துறை, இரண்டும் பேசிக்கொள்வதில்லை. பத்து வருஷம் முன்னால் அச்சிட்ட சேதிகூட வார்டுக்கு வரவில்லை என்கிறபோது, நேற்றிரவு வந்த பேக்ஸைக் குறை சொல்லி என்ன பயன்?

இருந்தாலும் ஏப்ரல் கடைசியில் நோய் அடங்கியது. நோயாளிகளைக் கவனித்த நர்சுகள் வீட்டிலும் தனி அறை, வேலையிலும் தனி வார்டு என்று இரண்டுக்கும் நடுவே மட்டும் போய்வந்தார்கள். சொந்தப் பிள்ளைகளை வாசலில் நின்று பார்த்தார்கள். இதற்குள் ஏப்ரல் 23 அன்று, டொரண்டோ போகாதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்து, நகரத்தின் ஓட்டல்கள் காலியாகி, ஒரு வாரத்தில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றிருந்தது. மே 14 அன்று நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்தும் டொரண்டோவை எடுத்தார்கள். மே 17 அன்று அவசர நிலை விலக்கப்பட்டது. ஊர் பெருமூச்சு விட்டது.

"சார்ஸ் இல்லை"

நகரின் வடக்கே நார்த் யார்க் பொது மருத்துவமனை. அங்கே எலும்பு முறிவு வார்டில் இருந்த நர்சுகளுக்கு மட்டும் அந்தப் பெருமூச்சு வரவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து வந்தவருக்கு ஏன் நிமோனியா? சரி, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வயதானவர்களுக்கு வருவதுதான். அடுத்த படுக்கைக்காரருக்கும் ஏன்? அவரைப் பார்க்க வந்த உறவினர்களுக்கும் ஏன்? ஒரே குடும்பத்தில் பலர் ஏன் ஒன்றாகக் காய்ச்சலில் விழுகிறார்கள்? இதற்கு முன்பே, ஏப்ரலில், அதே மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சில நோயாளிகளுக்கு நிமோனியா வந்தபோதும் இதே சந்தேகம் எழுந்தது. விசாரித்துவிட்டு, சார்ஸ் இல்லை என்று முடித்துவைத்தார்கள்.

ஏன் இல்லை என்றார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் வில்லன் யாரும் இல்லை. சார்ஸ் என்று ஒருவரைக் குறிப்பதற்கு ஒரு வரையறை இருந்தது. நோய்க்குறிகளோடு, நோய் பரவும் ஊருக்குப் போய்வந்திருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே சார்ஸ் என்று உறுதியான ஒருவரோடு தொடர்பு இருந்திருக்க வேண்டும். எலும்பு முறிவு வார்டுக்காரர்களுக்கு இரண்டும் இல்லை. தொடர்பு இல்லை, ஆகவே சார்ஸ் இல்லை. அவர்களுக்கு முன்னால் யாரோ ஒருவருக்கு நோய் வந்து, அதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் தொடர்பு எப்படித் தெரியும் என்று வரையறை கேட்கவில்லை. மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு காரணம் கிடைத்தது. நர்சுகள் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் அதே வார்டில் நின்றார்கள். அவர்கள் கண்ணில் பட்டது முழு வார்டும்.

நர்சுகள் கேட்டார்கள். ஒருமுறை இரண்டுமுறை அல்ல. மே மாதத்தில் கூட்டத்திலும் கேட்டார்கள். சார்ஸ் இல்லை என்று பதில் வந்தது. முகக்கவசக் கட்டுப்பாடு அதற்குள் தளர்ந்திருந்தது. மே 20 வாக்கில் புனித ஜான் மறுவாழ்வு மருத்துவமனையில் பலருக்கு ஒன்றாகக் காய்ச்சல் வந்தது கண்ணில் பட்டு, தொடர்பைப் பின்னோக்கித் தேடிப்போனபோது, அது நார்த் யார்க்கில் போய் நின்றது. மே 23 அன்று இரண்டாம் அலை அறிவிக்கப்பட்டது. அவசர நிலையை விலக்கி ஆறே நாள். அந்த வார்டின் நர்சுகளே இப்போது நோயாளிகள். ஒருவர் பிழைக்கவில்லை.

பொருளாதாரத்துக்காக, சுற்றுலாவுக்காக, வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று அப்போது பேச்சு பலமாக இருந்தது. கேம்ப்பெல் தேடிப் பார்த்துவிட்டு, அதற்கு ஆதாரமில்லை என்றார். எனக்கு இதுதான் அந்த அறிக்கையிலேயே அதிகம் உறுத்தும் இடம். சதி இருந்திருந்தால் சதிகாரரைப் பிடித்துவிட்டுக் கதையை முடித்துவிடலாம். இங்கே நல்லவர்கள், படித்தவர்கள், இரண்டு மாதம் தூங்காமல் உழைத்தவர்கள், தங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொன்னார்கள். "தெரியவில்லை. தெரிகிறவரை மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் செலவு சில ஆயிரம் முகக்கவசம். பணியாளர்கள் பீதியடைவார்கள் என்று பயந்துதான் மேலிடங்கள் பெரும்பாலும் இப்படி உறுதியாகப் பேசுகின்றன. வார்டில் நிற்கிறவருக்குப் பயம் ஏற்கெனவே இருக்கிறது. தன் பயத்தை மேலே இருப்பவர் மதிக்கவில்லை என்று தெரிகிற நாளில், அடுத்த உத்தரவை அவர் எப்படி நம்புவார்?

நியாயமான முன்னெச்சரிக்கைக்கு அறிவியல் உறுதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதைத்தான் கேம்ப்பெல் தம் அறிக்கையின் நடுநாயகமாக வைத்தார். அறிக்கை வந்து மூன்று மாதம் கழித்து, 2007 ஏப்ரலில் அவர் காலமானார்.

கணவாய்க்கு அந்தப் பக்கம்

2018 மே மாதம், பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரை. இளைஞர் ஒருவர் மூளைக்காய்ச்சலோடு தாலுகா மருத்துவமனைக்கு வந்து, பிறகு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றப்பட்டு, மே 5 அன்று இறந்தார். காரணம் தெரியவில்லை. அவரைக் கவனித்தவர்களில் ஒருவர் தாலுகா மருத்துவமனை நர்ஸ் லினி. மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த நடைபாதையில் அந்த இளைஞர் அருகே இருந்த பலருக்குத் தொற்றியது. ஸ்கார்பரோ அவசரப் பிரிவும் இந்த நடைபாதையும் ஒன்றுதான்: கூட்டம், காத்திருப்பு, பெயர் தெரியாத நோய்.

அடுத்து, இறந்த அந்த இளைஞரின் அண்ணன் அதே குறிகளோடு தனியார் மருத்துவமனையான பேபி மெமோரியலுக்கு வந்தார். அங்கே கதை வேறு பக்கம் திரும்பியது. ஒரே வீட்டில் இரண்டாவது ஆளுக்கு மூளைக்காய்ச்சல், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் தாறுமாறு, இது நாம் பார்த்துப் பழகிய நோய் இல்லை என்று அங்கிருந்த மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மணிப்பாலில் உள்ள வைரஸ் ஆராய்ச்சி மையத்துக்கு மாதிரிகள் போயின. நிபா என்று தெரியவந்தது. மே 20-க்குள் புணே தேசிய வைராலஜி நிறுவனமும் உறுதி செய்தது. இரண்டாவது நோயாளியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று உலகம் இதைப் பாராட்டுகிறது. பாராட்ட வேண்டியதுதான். வார்டில் ஒருவர் "இது சரியில்லை" என்று சொன்னதை, அதே கட்டடத்திலும் வெளியிலும் இருந்தவர்கள் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

லினிக்கு அது பிந்திப்போன சேதி. மே 21 அதிகாலை அவர் இறந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கணவருக்கு அவர் எழுதி வைத்த சீட்டைக் கேரளம் இன்னும் மறக்கவில்லை. பரிசோதனைக்கூடம் உறுதி செய்த 18 பேரில் 16 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு சுகாதார அமைச்சர் கே.கே. ஷைலஜா கோழிக்கோட்டிலேயே தங்கி, தினமும் கூட்டம் போட்டு, மாலையில் பத்திரிகையாளர்களைச் சந்தித்து, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னார். பாதுகாப்பு உடையை எப்படி மாட்டுவது, அதைவிட முக்கியமாக எப்படிக் கழற்றுவது என்று பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சடலத்தைக் கையாளுகிறவர்களுக்கும் பயிற்சி. அப்படியும் ஒரு கசப்பு மிஞ்சியது. பேராம்பிரை தாலுகா மருத்துவமனை நர்சுகள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியானது. ஆட்டோக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். மருத்துவமனைக்குள் போன சேதி பஸ் ஸ்டாண்டுவரை போகவில்லை. ஆனால் 2019-இல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தபோது, அவரும் பிழைத்தார், வேறு எவருக்கும் பரவவும் இல்லை.

நீதிமன்றத்தில் நர்சுகள்

டொரண்டோவில் சார்ஸ் கண்ட நர்சுகளில் 53 பேர் ஒண்டாரியோ அரசின்மேல் வழக்குப் போட்டார்கள். சுற்றுலாவையும் பொருளாதாரத்தையும் பார்த்து எங்கள் பாதுகாப்பைக் கைவிட்டீர்கள் என்பது வாதம். 2009-இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. பொதுமக்கள் எல்லோருடைய நலனையும் பார்க்க வேண்டிய அரசுக்கு, நர்சுகளுக்கென்று தனிச் சட்டக் கடமை கிடையாது என்றது.

பதினொரு வருஷம் கழித்து, 2020 ஜனவரியில் டொரண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனைக்குக் கனடாவின் முதல் கொரோனா நோயாளி வந்தார். ஊஹானிலிருந்து திரும்பியவர். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யும்போதே அதைச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் முழுப் பாதுகாப்போடு வந்தார்கள். மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் போனது. தனி அறை தயாராக இருந்தது. அவரிடமிருந்து அங்கே ஒருவருக்கும் தொற்றவில்லை. 2003-இல் வான்கூவரில் நடந்தது இப்போது டொரண்டோவில் நடந்தது.

மருத்துவமனைக்கு வெளியே, முதியோர் பராமரிப்பு இல்லங்களில் கதை பழையபடியே போயிற்று. நோய் சூழ்ந்த அறைகளுக்குள் போன நர்சுகள் என்95 கேட்டார்கள். தேவையில்லை, சாதாரண முகக்கவசம் போதும் என்றார்கள் சில இல்லங்களின் நிர்வாகிகள். காற்றில் பரவுமா, எச்சில் துளியில் மட்டும் பரவுமா என்று அறிவியலாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருந்த நேரம் அது. நர்சுகள் சங்கம் மறுபடியும் நீதிமன்றம் போனது. இந்த முறை, 2020 ஏப்ரல் 23 அன்று, தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. நோயாளியின் அருகில் நிற்கும் நர்ஸ், தன் தொழில் அறிவைக் கொண்டு என்95 வேண்டும் என்று முடிவு செய்தால் கொடுத்தாக வேண்டும் என்றார் நீதிபதி. பதினேழு வருஷம் முன்பு, இதே ஏப்ரல் 23 அன்றுதான் டொரண்டோவுக்குப் போகாதீர்கள் என்ற அறிவிப்பு வந்தது.

கேம்ப்பெல் ஆணையத்தில் ஆலோசகராக இருந்த மரியோ பொஸ்ஸமாய் அந்த ஆண்டு அக்டோபரில், கனடா நர்சுகள் சங்கக் கூட்டமைப்புக்காக ஓர் அறிக்கை எழுதினார். சார்ஸிலிருந்து கற்றதாகச் சொன்னவற்றில் பலவும் கற்காமலே போயின என்பது அதன் சாரம். அதற்கு 'அச்சத்தின் காலம்' என்று தலைப்பு வைத்தார். பழைய தலைப்பில் இருந்த வசந்தத்தை மட்டும் எடுத்துவிட்டார்.

சார்ஸுக்குப் பிறகு, இனி ஒருமுறை இப்படி ஆகக் கூடாது என்று ஒண்டாரியோ அரசு 5.5 கோடி என்95 முகக்கவசங்களை வாங்கிக் கிடங்குகளில் அடுக்கியிருந்தது. நர்சுகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த நாளில் அவை எப்போதோ காலாவதியாகி, பெரும்பகுதி அழிக்கப்பட்டிருந்தது.